எலக்ட்ரானிக் இசைக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் எலக்ட்ரானிக் இசை கேட்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும். நண்பர்கள், ஆபீஸில் இருப்பவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் என்று எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 'கேட்டே ஆகவேண்டிய நூறு ஆல்பம்' மாதிரிப் பட்டியலை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. உங்கள் காது எதில் பழகியது என்று தெரியாதவர் போட்ட பட்டியல் அது. உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த பாட்டில் எது உங்களை இழுக்கிறது என்று தெரிந்தால், அதற்குப் பொருத்தமான ஆல்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை.

எலக்ட்ரானிக் மியூசிக்னா பப்ல போடுற டும் டும் டும்தானே?

அது ஒரு பகுதி மட்டும்தான். மின்கருவிகள் உண்டாக்கிய ஒலி, அல்லது அவை உருமாற்றிய ஒலி, இதை முதன்மையாக வைத்துச் செய்யும் இசை எல்லாமே இதற்குள் வரும். 1948இல் பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் ரயில் ஓசைகளைப் பதிவு செய்து, துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஓட்டி இசையாக்கினார். 1963இல் பிபிசியில் டீலியா டெர்பிஷயர் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பு இசைக்காக ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டினார். 1968இல் வெண்டி கார்லோஸ் மூக் சின்தசைசரில் (மின்சாரத்தால் ஒலி உண்டாக்கும் கருவி) ஐரோப்பியச் செவ்வியல் மேதை பாக்கின் இசையை வாசித்து ஆல்பமாக வெளியிட்டார். இதற்கெல்லாம் யாரும் பப்பில் ஆடவில்லை.

இந்தியாவும் அவ்வளவு பின்தங்கி இல்லை. 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மூக் சின்தசைசரோடு ஓர் ஒலிக்கூடம் இருந்தது. அங்கே செய்த பதிவுகள் பல ஆண்டு தூங்கிக் கிடந்து 2023இல்தான் வெளியாயின. நீங்கள் பப்பில் கேட்டது பெரும்பாலும் பெரிய மேடைகளுக்காகச் செய்த ஈடிஎம் (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) ஆக இருக்கும். அதை வைத்து மொத்தத்தையும் எடைபோட வேண்டாம்.

நான் இதெல்லாம் கேட்டதே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

கேட்டிருக்கிறீர்கள். 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' பாடல்களில் இளையராஜா சீக்வென்சரைப் (ஸ்வர வரிசையைத் தானாக வாசிக்கும் கருவி) பயன்படுத்தினார். 1992இல் 'ரோஜா' வந்தபிறகு நம் வீடுகளில் சின்தசைசர் ஒலிக்காத நாளே கிடையாது. உங்கள் காது பாதி தயாராகத்தான் இருக்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். மிகவும் பிடித்த மூன்று பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் யார், படம் எது என்பதை ஒதுக்கிவிட்டு, அந்தப் பாட்டில் எந்த இடம் வருவதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மெட்டா? தாளமா? குரலா? பின்னால் ஓடும் தாழ்ந்த, கனத்த ஒலியான பேஸா? இல்லை, அந்தப் பாட்டு உண்டாக்கும் இடமும் நேரமுமா, அதாவது மழை, இரவு, பஸ் ஜன்னல் என்று ஒரு மனநிலையா? கீழே உள்ள பதில்களில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ராஜா பாட்டுதான் நமக்கு எல்லாம். மெட்டே இல்லாத இது எப்படிப் பிடிக்கும்?

மெட்டு இல்லை என்று யார் சொன்னது? ஜெர்மனியின் டஸல்டார்ஃப் நகரத்து கிராஃப்ட்வெர்க் குழுவின் 'டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்' (1977), 'தி மேன்-மெஷின்' (1978) இரண்டையும் கேளுங்கள். ஒருமுறை கேட்டால் முணுமுணுக்கக்கூடிய எளிய மெட்டுகள். பிரான்ஸின் ழான்-மிஷேல் ஜார் தன் வீட்டிலேயே பதிவு செய்த 'ஆக்ஸிஜென்' (1976) முழுக்க மெட்டுதான். வார்த்தைதான் கிடையாது.

ஆனால் ராஜா ரசிகர்களில் இரண்டு வகை உண்டு. பல்லவியைப் பாடிக்கொண்டே போகிறவர்கள் ஒரு வகை. இன்டர்லூடுக்காகவும் பேஸ் கிட்டாருக்காகவும் பாட்டைத் திரும்பப் போடுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குத்தான் இந்த இசை சீக்கிரம் ஒட்டும் என்பது என் அனுபவம். அவர்களுக்கு டாஃப்ட் பங்க்கின் 'டிஸ்கவரி' (2001) நல்ல முதல் படி. அப்புறம் ஸ்காட்லாந்து சகோதரர்கள் இருவரின் போர்ட்ஸ் ஆஃப் கனடா. அவர்களுடைய 'மியூசிக் ஹாஸ் தி ரைட் டு சில்ட்ரன்' (1998) ஆல்பத்தில் மெட்டு சிறியது, கொஞ்சம் கலங்கிய பழைய டேப் போல இருக்கும். பழைய பாட்டின் மேல் உங்களுக்கு உள்ள ஏக்கத்தை, நீங்கள் கேட்டே இராத ஒரு பாட்டின் மேல் அது உண்டாக்கிவிடும்.

நான் ரஹ்மான் ரசிகன். அப்போ எனக்கு ஈசிதானே?

ஆமாம். ஒலியை அடுக்கடுக்காக வைப்பது, குரலைப் பல ஒலிகளில் ஒன்றாகக் கலப்பது, தாளத்துக்கு எங்கிருந்தோ ஒரு விசித்திர ஓசையை எடுத்துப் போடுவது, எல்லாம் உங்களுக்குப் பழக்கம். பிரிஸ்டல் நகரத்து மாஸிவ் அட்டாக்கின் 'புளூ லைன்ஸ்' (1991), 'மெஸனைன்' (1998), அதே ஊர்ப்பக்கத்து போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி' (1994) மூன்றும் நேராக உள்ளே போகும். டிரிப் ஹாப் என்பார்கள். மெதுவான தாளம், கனத்த பேஸ், பாடும் குரல், எல்லாம் இருக்கிறது.

லண்டனில் தபலா வாசித்துக்கொண்டே டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான தாள இசையைச் செய்த தல்வின் சிங்கின் 'ஓகே' (1998) ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசு வாங்கியது.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவ நான். இதுல எனக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. ஏமாற்றமும் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ராக ஆலாபனையில் பிடிக்குப் பிடி ராகம் விரிவதுபோல் இங்கே ஸ்வரம் விரியாது. விரிவது நாதத்தின் நிறம். ஒரே ஸ்வரத்தை வைத்துக்கொண்டு அதன் கூர்மை, இருட்டு, ஈரம், தூரம் இவற்றைப் பத்து நிமிடம் மாற்றிக்கொண்டே போவார்கள். தம்புராவை மட்டும் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. இந்தத் தொடர்பு கற்பனையும் அல்ல. அமெரிக்காவின் டெர்ரி ரைலி 1969இல் 'எ ரெயின்போ இன் கர்வ்டு ஏர்' வெளியிட்டவர், பின்னர் ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார்.

தாளம் பிடித்தவர் என்றால் இரண்டு இடம் சொல்கிறேன். பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' (1978) ஆல்பத்தில் பாடகர்களின் குரல் மட்டுமே உள்ள ஒரு பகுதி வரும். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு தனி டேப் வளையம். ஒன்று 23½ வினாடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்று ஏறத்தாழ 26, மற்றொன்று ஏறத்தாழ 30. எல்லாம் கூடும் சமம் எங்கே என்று உங்கள் கை தானாகக் கணக்குப் போடும். அது வரவே வராது, அதுதான் அதன் அழகு. இரண்டாவது, டிரம் அண்ட் பேஸ். நிமிடத்துக்கு 170 அடி என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். டிரம் இரண்டாம் காலத்தில் ஓடும்போது பேஸ் முதல் காலத்தில் நடக்கும். பேஸுக்குத் தாளம் போட்டுப் பாருங்கள், படபடப்பே போய்விடும். கோல்டியின் 'டைம்லெஸ்' (1995) ஆல்பத்தின் தலைப்புப் பாடல் 21 நிமிடம். அதில் இதைப் பழகலாம்.

அப்புறம் சரண்ஜித் சிங். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303 (பேஸ் வாசிக்கும் பெட்டி), டிஆர்-808 (டிரம் மெஷின்), ஜூபிடர்-8 (சின்தசைசர்) மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 303இன் குழைந்து நெளியும் ஒலியை வைத்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது 1987இல். 2010இல் இந்தத் தட்டு மறுபடி வெளியானபோது, ஐந்து ஆண்டு முன்பே ஒருவர் பம்பாயில் இதைச் செய்துவிட்டாரே என்று உலகம் வாயைப் பிளந்தது. பூபாலி நம் மோகனம், மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், கலாவதி நம் வலஜி, யமன் கல்யாணிக்குச் சொந்தம். ராகம் தெரிந்தவர் இந்த இசைக்குள் நுழைய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பறை, உருமி அடிச்சா எழுந்து ஆடிடுவேன். கம்ப்யூட்டர் பீட்ல அந்த வெறி வருமா?

வரும், ஆனால் ஐரோப்பாவில் தேடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து கோம் இசையில் ஆரம்பியுங்கள். சீராக விழும் நான்கடி அதில் கிடையாது. அடிகள் உடைந்து உடைந்து, எதிர்பாராத இடத்தில் விழும். மெட்டு மிகக் குறைவு, இருட்டு அதிகம். அடுத்தது தான்சானியாவின் தார் எஸ் சலாமில் பிறந்த சிங்கெலி. நிமிடத்துக்கு 200 அடியைச் சாதாரணமாகத் தாண்டும். 'சவுண்ட்ஸ் ஆஃப் சிசோ' (2017) என்ற தொகுப்பு கிடைத்தால் போட்டுப் பாருங்கள். சாவுமேளத்தின் உச்ச வேகத்தில் பழகிய காதுக்கு மட்டும்தான் முதல் முறையே பிடிக்கும்.

நேரடித் தொடர்பு வேண்டுமென்றால் எம்.ஐ.ஏ. இருக்கிறார். மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து சிறுவயதை இலங்கையில் கழித்த தமிழர். 'அருளர்' (2005) ஆல்பத்தை ரோலண்டு எம்சி-505 என்ற ஒரே பெட்டியை ஆதாரமாக வைத்து ஆரம்பித்தார். 'கலா' (2007) ஆல்பத்துக்கு உருமி மேளத்தைப் பதிவு செய்து 'பேர்ட் ஃபுளூ' பாட்டில் வைத்தார். அதே ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி'யின் காட்டுக்குயிலு தாளம் வருகிறது. காதில் விழுந்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நாங்க மெட்டல், ராக் கோஷ்டி. கிட்டார் இல்லாம முடியாது ப்ரோ.

தி பிராடிஜியின் 'தி ஃபேட் ஆஃப் தி லேண்டு' (1997), நைன் இன்ச் நெயில்ஸின் 'தி டவுன்வர்டு ஸ்பைரல்' (1994). இரண்டிலும் கிட்டார் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ரேடியோஹெட் பிடிக்கும் என்றால் 'கிட் ஏ' (2000) கேட்டுவிட்டு, அந்தச் சமயம் அதன் பாடகர் தாம் யார்க் எதில் மூழ்கியிருந்தார் என்று பின்னால் போங்கள். ஷெஃபீல்டில் தொடங்கிய வார்ப் நிறுவனத்தின் ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெகர் இருவரிடமும் போய் நிற்பீர்கள். தாளக் கணக்குக்காக மெட்டல் கேட்பவருக்கு ஆட்டெகர் விருந்து.

ஹிப் ஹாப் கேட்கிறவனுக்கு? ஜாஸ் கேட்கிறவருக்கு?

ஹிப் ஹாப்பும் இதுவும் ஒரே குடும்பம். நியூயார்க்கில் 1982இல் வந்த 'பிளானட் ராக்' பாட்டே மேலே சொன்ன கிராஃப்ட்வெர்க்கின் மெட்டை 808 டிரம் மெஷினோடு கட்டியதுதான். டிஜே ஷேடோவின் 'எண்ட்ரடியூசிங்' (1996) கேளுங்கள், கிட்டத்தட்ட முழுவதும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகள். அப்புறம் ஃபிளையிங் லோட்டஸின் 'காஸ்மோகிராமா' (2010). அது ஜாஸ்காரர்களுக்கும் பாலம். அவர் ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனின் குடும்பத்துப் பேரன் முறை. ஜாஸ் மட்டும் கேட்பவர் ஃபுளோட்டிங் பாயின்ட்ஸும் சாக்ஸபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்த 'பிராமிஸஸ்' (2021) கேட்டால் போதும். 46 நிமிடம், ஒரே சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும், அதன்மேல் சாக்ஸபோன்.

பத்து நிமிஷமா ஒரே பீட்டு ஓடுது. எப்போ பாட்டு ஆரம்பிக்கும்?

ஆரம்பித்துவிட்டது. நாம் சினிமாப் பாட்டில் வளர்ந்தவர்கள். ஐந்து நிமிடத்தில் பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம், இரண்டு இன்டர்லூடு, நடுவில் ஒரு கோரஸ் என்று ஆயிரம் நடந்துவிடும். அடுத்து என்ன என்றே காது காத்திருக்கும். டெக்னோ, ஹவுஸ் போன்ற நடன இசை வகைகளில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதற்குள் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு பார்களுக்கு (ஒரு பார் என்பது நான்கு அடி) ஒருமுறை ஏதாவது ஒன்று சேரும், அல்லது கழியும். ஹை-ஹாட் (டிரம்மோடு சேர்ந்த ஜால்ரா ஒலி) உள்ளே வரும். பேஸ் ஒரு சுற்று காணாமல் போய்த் திரும்பும். ஃபில்டர் மெல்லத் திறந்து, மூடியிருந்த ஒலி பளிச்சென்று ஆகும்.

பழகுவதற்கு ஒரு வழி: கிக் டிரம்மை விட்டுவிட்டு வேறு ஒரே ஒரு ஒலியைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். இதற்கு மானுவல் கோட்ஷிங்கின் 'ஈ2-ஈ4' நல்ல பயிற்சி. 1981இல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்தார், 1984இல் வெளியானது. ஏறத்தாழ ஒரு மணி நேரம், இரண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு). பாதிக்கு மேல் கிட்டார் வந்து சேரும்போது நீங்களே நிமிர்ந்து உட்கார்வீர்கள்.

ஆரம்பத்திலும் முடிவிலும் ஒன்றுமே இல்லாமல் டிரம் மட்டும் ஓடுவதற்கு வேறு காரணம் உண்டு. டிஜே ஒரு டிராக்கை அடுத்ததோடு பிசிறில்லாமல் இணைக்க அந்த இடம் வேண்டும். வீட்டில் கேட்கும்போது அந்த ஒரு நிமிடத்தை ஓட்டிவிட்டால் குற்றமில்லை.

வரிகளே இல்லையே. எதைப் புரிஞ்சுக்கிட்டு ரசிக்கிறது?

குரல் வேண்டும் என்றால் குரல் இருக்கிறது. டோனா சம்மர் பாடி ஜார்ஜியோ மொரோடர் தயாரித்த 'ஐ ஃபீல் லவ்' (1977) இந்த இசையின் ஆணிவேர்களில் ஒன்று. வரிகள் மிகச் சில, அவை திரும்பத் திரும்ப வரும். அர்த்தத்தை விரிப்பது வரியின் வேலை அல்ல இங்கே. தில்லானாவை ரசிப்பவரிடம் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

குரலையே கருவியாக்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் தெற்கு லண்டனின் பரியல். 'அன்ட்ரூ' (2007) ஆல்பத்தில் யார் யாரோ பாடிய துண்டுகளை உயர்த்தியும் தாழ்த்தியும், ஆணா பெண்ணா என்று தெரியாதபடி ஆக்கி, மழை இரைச்சலுக்கு நடுவே விட்டிருக்கிறார். இன்னொன்று ஃபோர் டெட்டின் 'மார்னிங்/ஈவனிங்' (2015). மொத்தம் இரண்டே டிராக், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது நிமிடம். முதல் டிராக்கில் லதா மங்கேஷ்கர் குரல் வந்து வந்து போகும். ஃபோர் டெட்டின் தாய்வழி இந்திய வம்சாவளி.

ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ், டப்ஸ்டெப்... இத்தனை பேரு எதுக்கு? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் கேட்குது.

ஒன்றாகக் கேட்டால் பரவாயில்லை, கேட்டுக்கொண்டே இருங்கள். பெயர்கள் ஊரையும் வேகத்தையும் சொல்கின்றன, அவ்வளவுதான். ஹவுஸ் சிகாகோ, நிமிடத்துக்கு 120 முதல் 128 வரை, டிஸ்கோவின் குழந்தை, பாடும் குரல் அடிக்கடி வரும். டெக்னோ டெட்ராய்ட், கொஞ்சம் வேகம், கொஞ்சம் இறுக்கம். டிரான்ஸ் ஜெர்மனிப் பக்கம் வளர்ந்தது, நீண்ட மெட்டு, ஏறி ஏறிப் போகும். நம் கோவாக் கடற்கரையிலேயே அதில் ஒரு கிளை பிறந்து கோவா டிரான்ஸ் என்று உலகம் சுற்றியது. டப்ஸ்டெப் தெற்கு லண்டன், 140. ஜமைக்காவின் டப் இசையிலிருந்து பேஸை எடுத்துக்கொண்டது. ஈனோ செய்தது போன்ற சூழல் இசையான ஆம்பியன்டுக்கு வேகமே கிடையாது.

ஒரு வகையில் ஓர் ஆல்பம் பிடிக்காவிட்டால் அந்த வகையையே தள்ளிவிடாதீர்கள். டப்ஸ்டெப் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது 2010க்குப் பிறகான அமெரிக்க வடிவம், ரம்பம் அறுப்பது மாதிரி. லண்டனின் பழைய டப்ஸ்டெப் அதற்கு நேர் எதிர். பாதி அமைதி, பாதி பேஸ்.

நீங்க சொன்னதெல்லாம் போன்ல போட்டுக் கேட்டேன். சப்பையா இருக்கே?

போன் ஸ்பீக்கரிலா? அப்படித்தான் இருக்கும். கிக் டிரம்மின் கனம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. போன் ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. டப்ஸ்டெப்பை அதில் கேட்பது பாதி இசையைக் கேட்காமல் விடுவது. விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம், காதை நன்றாக மூடும் சாதாரண ஹெட்போன் போதும். டிராக்குக்கும் டிராக்குக்கும் நடுவே இடைவெளி விழாமல் இருக்க ஆப்பின் செட்டிங்கில் ஒரு வசதி இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். பல ஆல்பங்கள் இடைவெளியே இல்லாமல் ஓடுவதற்காகச் செய்தவை.

சத்தம் பற்றியும் ஒன்று. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்குமேல் போகவேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். பேஸ் வேண்டும் என்று வால்யூமை ஏற்றாதீர்கள், வேறு ஹெட்போன் பாருங்கள்.

மேடையில நிக்கிற டிஜே பட்டனை அமுக்கிட்டுக் கையைத் தூக்குறாரு. இதுல என்ன திறமை?

சிலரிடம் ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். டிராக்கை உருவாக்குபவர் ஒருவர், அவர் தயாரிப்பாளர். இருக்கும் டிராக்குகளைத் தேர்ந்து, வேகத்தை ஒத்திசைத்து, மூன்று நான்கு மணி நேரம் ஒரே கதையாகக் கொண்டுபோகிறவர் டிஜே. இரண்டும் ஒருவரே செய்வதுண்டு, வேண்டியதில்லை. நல்ல டிஜேயின் திறமை எந்த நேரத்தில் எதைப் போடாமல் இருப்பது என்பதில் தெரியும். டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் மூன்று இசைத்தட்டுகளையும் ஒரு 909 டிரம் மெஷினையும் ஒரே சமயத்தில் கையாளும் வீடியோக்கள் இருக்கின்றன. கைகளை மட்டும் பாருங்கள்.

இது வெள்ளைக்காரப் பணக்காரப் பசங்க மியூசிக். நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ ஒழிக என்று ஒரு கூட்டம் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தது. டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பர்கள், லத்தீனியர்கள், தன்பாலீர்ப்பாளர்கள் சேர்ந்து வளர்த்த இசை. அதே ஊரில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் அதைக் கைவிடாமல் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் வந்தது. அவரும், அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோரும் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள்.

டெக்னோவை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஒரே பள்ளியில் படித்த கறுப்பின மாணவர்கள். கார்த் தொழிற்சாலைகள் சரிந்துகொண்டிருந்த ஊர் அது. ஐரோப்பியப் பணம் பின்னால் வந்தது, பெரிய மேடைகளும் பின்னால் வந்தன. டிரம் அண்ட் பேஸ் முழுவதற்கும் அடித்தளமான 'ஏமன் பிரேக்' கூட, 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த சில வினாடி டிரம்தான். ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது ஓடியது. அவருக்கு ஒரு பைசா வரவில்லை.

மெஷின் வாசிக்குது. உணர்ச்சி எங்கேர்ந்து வரும்?

மேலே டிபி-303 பற்றிச் சொன்னேன் அல்லவா. ரோலண்டு அதை 1981இல் விற்றது கிட்டார் வாசிப்பவர் தனியாகப் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் பேஸ் ஓடுவதற்காக. நிஜ பேஸ் மாதிரி ஒலிக்கவே இல்லை, விற்கவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியை சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் வாங்கி, யாரும் திருப்பாத அளவுக்குக் குமிழ்களைத் திருப்பி, 'ஆசிட் டிராக்ஸ்' செய்தார்கள். மெஷின் தானாக அதைச் செய்யவில்லை, திருப்பிய கை ஒன்று இருக்கிறது.

வயலினும் ஒருகாலத்தில் நமக்கு அந்நியப் பெட்டிதான். பாலுசாமி தீட்சிதர் எடுத்து வாசித்தபிறகு, இன்று அது இல்லாத கச்சேரி அபூர்வம்.

போதை இல்லாம இதை ரசிக்க முடியுமா?

முடியும். நான் பெரும்பாலும் பாத்திரம் தேய்க்கும்போது கேட்கிறேன்.

நாலஞ்சு ஆல்பம் கேட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஒட்டலை. எனக்கு இது ஆகாதோ?

ஆகாமலும் இருக்கலாம், அதில் வெட்கம் இல்லை. ஆனால் விடுவதற்கு முன் கேட்ட நேரத்தை மாற்றிப் பாருங்கள். காலை பஸ் நெரிசலில் ஈனோவைக் கேட்டால் ஒன்றுமே காதில் விழாது. அதேபோல் இரவு பதினொரு மணிக்கு தி பிராடிஜி தலைவலிதான். நீண்ட தூரம் தனியாக வண்டி ஓட்டும்போது டெக்னோ, வேலை செய்யும்போது போர்ட்ஸ் ஆஃப் கனடா, இரவில் நடக்கும்போது பரியல் என்று நான் பிரித்துக் கொடுப்பேன்.

இரண்டாவது கேள்விக்குச் சொன்ன மூன்று பாட்டுச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். மெட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர் பல சமயம் பேஸ்காரராக இருப்பார்.

ஒரு டிராக் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதே மாதிரி தேடினா எதுவும் சரியா வரலை.

ஆப் தரும் பரிந்துரை உங்களை ஒரே இடத்தில் சுற்றவிடும். இந்த இசையில் கலைஞர் பெயரைவிட இசை நிறுவனத்தின் பெயர் நல்ல வழிகாட்டி. சிறு நிறுவனங்களை நடத்துபவருக்கு ஒரு திட்டமான ருசி இருக்கும். பரியல் பிடித்தால் ஹைப்பர்டப், போர்ட்ஸ் ஆஃப் கனடா பிடித்தால் வார்ப், சிங்கெலி பிடித்தால் உகாண்டாவின் நியேகே நியேகே டேப்ஸ். அந்த நிறுவனம் அதே ஆண்டு வேறு என்ன வெளியிட்டது என்று பாருங்கள்.

இன்னொரு வழி டிஜே மிக்ஸ். பிபிசி ரேடியோ 1இல் 1993 முதல் வரும் 'எசென்ஷியல் மிக்ஸ்' போன்றவற்றில் உங்களுக்குப் பிடித்த கலைஞர் ஒருநாள் இரண்டு மணி நேரம் அடுத்தவர்களின் டிராக்குகளைப் போட்டிருப்பார். அந்தப் பட்டியலைத் தேடி எடுங்கள். அவர் எதைக் கேட்டு வளர்ந்தார் என்று அதிலேயே தெரிந்துவிடும். பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்த டிராக் என்றால், அந்தப் பழைய பாட்டையும் தேடிக் கேளுங்கள். பல சமயம் அதுதான் உண்மையில் நமக்குப் பிடித்தது.

எங்க அப்பா இதைக் கேட்டாலே "என்னடா இரைச்சல்"ங்கிறார். அவருக்கு எதைப் போட்டுக் காட்டலாம்?

எதையும் நிரூபிக்கப் போகாதீர்கள். அப்பா ராகம் தெரிந்தவர் என்றால் சரண்ஜித் சிங்கின் முதல் டிராக். ஹிந்துஸ்தானி பைரவி அது, நம் சிந்துபைரவிக்குப் பக்கம். என்ன கருவி, யார் வாசித்தது என்று சொல்லாமல் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ராகம் தெரியாதவர், பழைய இந்திப் பாட்டுப் பிரியர் என்றால் ஃபோர் டெட்டின் 'மார்னிங்', ஆனால் லதா குரல் வரும்வரை அவர் பொறுக்க வேண்டும். இரண்டும் இல்லாத, டேப் ரெக்கார்டர் காலத்து மனிதர் என்றால் ழான்-மிஷேல் ஜார். 'ஆக்ஸிஜென்' நான்காம் பகுதியை அவர் ஏற்கெனவே எங்காவது கேட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பேஸைக் குறைத்து வையுங்கள். பகல் செய்தி ஓடும் நேரம் வேண்டாம்.